முதல் பங்கு போனுக்கு, மீதி பேட்டரிக்கு



மல்லேஸ்வரத்தில் சாயங்கால வேளை. சம்பிகே ரோட்டில் கூட்டம் நெருக்குகிறது. எட்டாவது கிராஸ் முனையில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் மல்லிகை, கனகாம்பரம், சேவந்தி. பக்கத்தில் ஒரு சார்ஜ் விளக்கு. மடியில் போன். கூடையின் ஓரத்தில் கறுப்புக் கட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டை. பூ வாங்குபவர் தன் போனை அந்த அட்டைக்கு நேராகக் காட்டுகிறார். பணம் போகிறது. “இருபது ரூபாய் வந்தது” என்று ஒரு சின்னப் பெட்டி சத்தமாகச் சொல்கிறது.

முன்பெல்லாம் பூ வியாபாரத்துக்கு நூலும் கையும் போதும். 2016-ல் யுபிஐ என்ற பணம் அனுப்பும் முறை வந்தது. அதன் பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்று போன் அணைந்தால் பாதி வியாபாரம் நின்றுவிடும். கையில் காசு இல்லாமல் வந்தவர் அடுத்த கூடைக்குப் போய்விடுவார். மல்லிகையோ மறுநாள் வரை நிற்காது. வாடிவிடும்.

ஆகவே, அந்த அம்மாவின் அன்றாடக் கூலி ஒரு பேட்டரியை நம்பி இருக்கிறது. விளக்குக்கு ஒரு பேட்டரி. போனுக்கு ஒரு பேட்டரி. பேசும் பெட்டிக்கு ஒரு பேட்டரி. இந்த பேட்டரிகளைக் கவனித்துக்கொள்வது யார்?

சார்ஜர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சார்ஜர் வெறும் குழாய். எவ்வளவு மின்சாரம் எடுப்பது, அதை யாருக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது வேறொன்று. அது போனுக்கு உள்ளே இருக்கிறது. அதன் பெயர் சிப். தமிழில் சில்லு என்றும் எழுதுவார்கள். சார்ஜைக் கவனிக்கும் சிப் ஒரு துவரம்பருப்பை விடப் பெரியதாக இருக்காது. இன்றைய பேச்சு அந்தத் துவரம்பருப்பைப் பற்றித்தான்.

முதலில் மின்சாரம் இந்த ஊருக்கு வந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். காவேரி ஆறு சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. 1902-ல் அங்கே மைசூர் அரசு மின் நிலையம் அமைத்தது. அந்த மின்சாரம் முதலில் வீடுகளுக்குப் போகவில்லை. சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியாகக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பலர் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருக்களில் மின் விளக்கு எரிந்தது.

அந்த மின்சாரத்தில் ஒரு குறை உண்டு. கம்பி இருக்கும் இடத்தில்தான் அது இருக்கும். கூடையோடு நடக்காது. அதைச் சேர்த்து வைத்து எடுத்துப் போக பேட்டரி வேண்டும். போனில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழி வகுத்த மூன்று அறிஞர்களுக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் பணியாற்றிய குட்இனஃப், விட்டிங்ஹாம், ஜப்பானின் யோஷினோ ஆகியோர் அவர்கள்.

லித்தியம் பேட்டரி எடை குறைந்தது. நிறைய மின்சாரம் பிடிக்கும். ஆனால் முன்கோபக்காரர் மாதிரி. அதிகம் ஊட்டினால் சூடாகும், வீங்கும், தீயும் பிடிக்கும். அடியோடு வற்றவிட்டால் உள்ளுக்குள் கெட்டுப்போகும். பழைய டார்ச் லைட் செல் போல இதைக் கவனிக்காமல் விட முடியாது. அதனால்தான் இதற்கு ஒரு காவலாள் தேவைப்பட்டது.

பல பாகங்களை ஒரே துண்டில் செய்யலாம் என்று 1958-ல் ஜாக் கில்பி என்ற பொறியாளர் செய்து காட்டினார். அவர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியில் வேலை செய்தவர். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே கம்பெனி 1985-ல் பெங்களூருக்கு வந்து சிப் வடிவமைக்கும் வேலையைத் தொடங்கியது. இப்படிப்பட்ட வேலைக்காகப் பெங்களூருக்கு முதலில் வந்த வெளிநாட்டுக் கம்பெனி அதுதான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சிப்புகளில் அந்தக் கம்பெனி பெயர் பெற்றது. அதன் பிறகு இன்னும் பல கம்பெனிகள் வந்தன. சிப் வரைபடம் போடத் தெரிந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இன்று இந்த ஊரில் இருக்கிறார்கள். மல்லேஸ்வரத்தை ஒட்டியே இருக்கும் டாடா இன்ஸ்டிட்யூட்டில், அதாவது இந்திய அறிவியல் கழகத்தில், 1911-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோதே மின்சாரப் படிப்பும் இருந்தது. இந்த ஊருக்கு மின்சாரம் புதிய விருந்தாளி அல்ல.

சரி, சிப் என்ன செய்கிறது? அதற்கு இரண்டு பெரிய வேலைகள் உண்டு. ஒன்று, பேட்டரியைப் பக்குவமாக நிரப்புவது. இரண்டு, போனுக்கும் பேட்டரிக்கும் மின்சாரத்தைப் பங்கிடுவது.

நிரப்புவதை முதலில் பார்ப்போம். இரண்டு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று வோல்ட். குழாய்த் தண்ணீர் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பது போல, மின்சாரத்தின் தள்ளும் சக்தியைச் சொல்வது வோல்ட். மற்றொன்று ஆம்பியர். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போல, ஓடும் மின்சாரத்தின் அளவைச் சொல்வது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட்.

போன் பேட்டரி வற்றிய நிலையில் சுமார் 3 வோல்ட் இருக்கும். நிறைந்த நிலையில் பெரும்பாலும் 4.2 வோல்ட். சில புதிய பேட்டரிகளில் 4.4 வோல்ட் வரை போகும். இந்த எல்லையை மீறக் கூடாது. ஒரு சதவீதம் தவறினாலே பேட்டரியின் ஆயுள் குறையும். மனிதர் பார்த்துக்கொண்டே இருந்து நிறுத்த முடியுமா? முடியாது. சிப் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது.

பெண்களுக்கு இது சுலபமாகப் புரியும். குழாயடியில் குடம் வைக்கிறீர்கள். குடம் காலியாக இருக்கும்போது குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறீர்கள். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் என்ன செய்கிறீர்கள்? குழாயைக் கொஞ்சம் மூடுகிறீர்கள். கடைசியில் சொட்டுச் சொட்டாக விட்டு, விளிம்பைத் தொட்டதும் நிறுத்துகிறீர்கள். சிப் செய்வதும் அதுவேதான். பேட்டரி முக்கால்பங்கு நிறையும் வரை ஒரே அளவாக வேகமாக ஊட்டுகிறது. 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டை அப்படியே பிடித்துக்கொள்கிறது. ஓடும் ஆம்பியர் தானே குறைந்துகொண்டு வருகிறது. முதலில் ஓடியதில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே இறங்கியதும், “நிறைந்துவிட்டது” என்று முடிவு செய்து கதவை மூடிவிடுகிறது.

50 சதவீதம் வரை சார்ஜ் விறுவிறுவென்று ஏறுகிறது. 80-க்கு மேல் ஆமை வேகத்தில் போகிறது. ஏன் என்று பலர் கேட்பார்கள். போனில் கோளாறு எதுவும் இல்லை. குடம் கழுத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அவசரமாக வெளியே போக வேண்டியவர் கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு உடனே இலை போட்டுச் சாப்பாடு போடுவார்களா? முதலில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பார்கள். ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்து போனைச் சார்ஜில் போடுகிறார் ஒருவர். பேட்டரி அடியோடு வற்றியிருக்கிறது. 3 வோல்ட்டுக்கும் கீழே. சிப் அதற்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கொடுத்துப் பார்க்கிறது. பேட்டரி தேறுகிறது என்று தெரிந்த பிறகுதான் முழு வேகம். அந்த நேரத்தில் திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். “போன் செத்துப்போச்சு” என்று உடனே ரிப்பேர் கடைக்கு ஓட வேண்டாம். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். நெடுநேரம் கஞ்சி கொடுத்தும் தேறவில்லை என்றால், சிப் தானே நிறுத்திவிடும். அதற்கு உள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு.

இப்போது இரண்டாவது வேலை. பங்கீடு. இதுதான் பலருக்குத் தெரியாதது.

போன் சார்ஜில் இருக்கிறது. அதே நேரத்தில் அதில் பேசுகிறார்கள், படம் பார்க்கிறார்கள். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் எங்கே போகிறது? பேட்டரிக்குள் போய், அங்கிருந்து போனுக்கு வருகிறது என்று தோன்றும். பழைய கருவிகளில் அப்படித்தான் இருந்தது. சார்ஜர், பேட்டரி, கருவி மூன்றையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். இன்றும் மலிவான கருவிகள் சிலவற்றில் அப்படி உண்டு. அதில் இரண்டு தொல்லைகள். பேட்டரி வற்றிக் கிடந்தால், சார்ஜர் செருகியிருந்தாலும் கருவி உயிர் பெறாது. கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். மற்றது இன்னும் மோசம். பேட்டரிக்கு எவ்வளவு போகிறது, கருவி எவ்வளவு தின்கிறது என்று சிப்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கருவி ஓடிக்கொண்டே இருந்தால், பேட்டரி நிறைந்த பிறகும் “இன்னும் நிறையவில்லை” என்று நினைத்து ஊட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போதைய நல்ல சிப் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. சார்ஜரிலிருந்து போனுக்கு நேர்வழி ஒன்று. பேட்டரிக்குக் கிளைவழி ஒன்று. ஒவ்வொரு வழியிலும் ஒரு கதவு. இந்தக் கதவுக்கு டிரான்சிஸ்டர் என்று பெயர். பழைய காலத்து ரேடியோவையும் டிரான்சிஸ்டர் என்றே சொல்வார்கள் அல்லவா? அந்தப் பெயர் ரேடியோவுக்கு இந்தச் சின்னக் கதவிலிருந்துதான் வந்தது.

பெங்களூரில் தண்ணீர் பிடிக்கும் கதையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். காவேரித் தண்ணீர் தினமும் எல்லா நேரமும் வருவதில்லை. வரும் நேரத்தில் வீட்டுக்காரம்மா என்ன செய்வார்? சமையலுக்கும் துணி துவைக்கவும் குழாயிலிருந்து நேராகப் பிடித்துக்கொள்வார். மிச்சத்தை டிரம்மில் நிரப்புவார். குழாயில் நன்றாகத் தண்ணீர் வரும்போது டிரம்மில் மொண்டு சமைப்பவர் உண்டா? இல்லை. குழாய் நின்றுவிட்டால் டிரம். குழாயில் நூல் மாதிரி வந்தால், அதையும் பிடித்து, போதாததை டிரம்மில் மொண்டுகொள்வார்.

சிப்பின் சட்டமும் இதுதான். முதல் பங்கு போனுக்கு. மீதி பேட்டரிக்கு. போதாவிட்டால் பேட்டரியே கை கொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரிடம் சின்ன சார்ஜர் இருக்கிறது. 5 வோல்ட், 1 ஆம்பியர். பெருக்கினால் 5 வாட். போன் திரையை எரியவிட்டுப் பேசுகிறார். அதற்கு 2 வாட் ஆகிறது. மீதி 3 வாட் பேட்டரிக்குப் போகிறது. சார்ஜ் மெதுவாக ஏறுகிறது. போனை மூடி வைத்தால் ஏறக்குறைய முழு 5 வாட்டும் பேட்டரிக்குப் போகும். சீக்கிரம் ஏறும்.

இப்போது ஓர் ஆட்டோ ஓட்டுநரைப் பாருங்கள். மார்கோசா ரோட்டில் சவாரி எடுக்கிறார். போனில் வரைபடம் ஓடுகிறது. சவாரிக்கான செயலி ஓடுகிறது. வெயிலில் தெரிய வேண்டும் என்று திரை முழு வெளிச்சத்தில் எரிகிறது. போன் 6 வாட் கேட்கிறது. ஆட்டோவில் செருகிய சார்ஜர் 5 வாட்தான் தருகிறது. மீதி 1 வாட்டை பேட்டரி தருகிறது. ஆகவே சார்ஜில் போட்டிருந்தும் சதவீதம் இறங்குகிறது! “பேட்டரி போச்சு” என்று அவர் புது பேட்டரி வாங்குகிறார். புது பேட்டரி போட்டும் அதே கதைதான். ஏனென்றால் குறை பேட்டரியில் இல்லை. குழாயில் இருக்கிறது. ஒரு நாள் வருமானத்துக்கு மேல் வீணாகப் போகிறது. நல்ல சார்ஜர் ஒன்று மாற்றியிருந்தால் போதும்.

இதற்கு எழுத்தறிவு உதவும். சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும் எண்கள் எல்லோருக்கும் பொதுதானே. அதில் இரண்டு வரி முக்கியம். முதல் வரியில் 100 முதல் 240 என்று இருக்கும். அது சுவரிலிருந்து சார்ஜர் எடுப்பது. அடுத்த வரியில் 5 என்றும், பக்கத்தில் 1 அல்லது 2 என்றும் இருக்கும். அது போனுக்குத் தருவது. 5-ஐயும் 2-ஐயும் பெருக்கினால் 10 வாட். வேகமாக ஏற்றும் சார்ஜரில் 9 வோல்ட் என்றும் சேர்த்துப் போட்டிருக்கும். போன் பேட்டரியிலும் ஓர் எண் உண்டு. 5000 என்று போட்டிருந்தால், 5 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு உள்ளது என்று பொருள். அதை 5 வாட் சார்ஜரில் நிரப்ப நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 வாட்டில் அதில் பாதி.

“9 வோல்ட் சார்ஜரைச் சின்னப் போனில் போட்டால் வெடிக்காதா?” என்று சந்தேகம் வரும். நல்ல சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும். போனில் உள்ள சிப் “எனக்கு 9 தாங்கும்” என்று ஒயர் வழியாகச் செய்தி அனுப்பினால்தான் ஏற்றிக் கொடுக்கும். கேட்காத போனுக்குக் கொடுக்காது. ஆம்பியரும் அப்படியே. குழாய் பெரியதாக இருந்தாலும், வீட்டுக்காரம்மா திறக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் வரும்.

குழாய் சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? நைந்த ஒயர், மட்டமான சார்ஜர். சிப் அதிகம் இழுக்கப் பார்க்கிறது. உடனே 5 வோல்ட் 4.5 வோல்ட்டாகச் சரிகிறது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டதும் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் மெலிவது போல. நல்ல சிப் இதைக் கவனித்து, இழுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. முதலில் குறைப்பது பேட்டரியின் பங்கைத்தான். போனின் பங்கில் கை வைப்பதில்லை. அதனால் ஒயரை மாற்றியதுமே சார்ஜ் வேகம் கூடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

திடீரென்று கரண்ட் போய்விட்டது. அப்போது என்ன நடக்கிறது? பல வீடுகளில் யுபிஎஸ் இருக்கிறது. கரண்ட் போனதும் “டக்” என்று ஒரு சத்தம். விளக்கு ஒரு கணம் கண் சிமிட்டும். பிறகு எரியும். நொடியை நூறு பங்காக வைத்தால், அதில் ஒன்றிரண்டு பங்கு நேரம் அதற்குத் தேவைப்படுகிறது. போனில் உள்ள சிப்புக்கு அந்த நேரமும் தேவையில்லை. சார்ஜர் வழி மெலிந்த உடனே பேட்டரிக் கதவு திறந்துவிடுகிறது. பேச்சு அறுபடுவதில்லை. பாதியில் இருக்கும் பணமும் நிற்பதில்லை. போனில் பேசிக்கொண்டே சார்ஜர் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். எதிரில் பேசுபவருக்குத் தெரியவே தெரியாது.

சிப்புக்கு மூன்றாவது ஒரு கடமையும் இருக்கிறது. சூடு பார்ப்பது. பேட்டரியை ஒட்டி, சூட்டை அறியும் சிறு பொருள் ஒன்று வைத்திருப்பார்கள். பேட்டரி 45 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான சிப்புகள் சார்ஜை நிறுத்திவிடும் அல்லது குறைத்துவிடும். உறைபனிக் குளிரிலும், அதாவது 0 டிகிரிக்குக் கீழேயும், நிறுத்திவிடும். பெங்களூரில் அந்தக் குளிர் வராது. லடாக்கில் வரும். இங்கே தொல்லை வெயில்தான். தள்ளுவண்டியின் தகரத்தின் மேல், ஆட்டோவின் கண்ணாடிக்குப் பின்னால், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவார்கள். சார்ஜ் ஏறவில்லை என்று குறைப்படுவார்கள். சிப் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். போனை நிழலில் வையுங்கள். தானே ஏறும்.

இரவு முழுதும் சார்ஜில் போடலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. நிறைந்ததும் சிப் கதவை மூடிவிடுகிறது. ஆகவே நல்ல போன் அதனால் வெடிக்காது. ஆனால் எப்போதும் கழுத்து வரை நிறைந்து, சூட்டிலும் இருக்கும் பேட்டரி சீக்கிரம் முதுமை அடையும். பல புதிய போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. தேவைப்படுபவர் அதைப் போட்டுக்கொள்ளலாம். மெத்தை மேல் மட்டும் போடாமல் இருப்பது நல்லது.

இதே பங்கீடு சூரிய விளக்கிலும் நடக்கிறது. அதில் பெங்களூருக்குத் தனிப் பெருமை உண்டு. 1995-ல் ஹரீஷ் ஹந்தே என்பவர் நெவில் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கருடன் சேர்ந்து இங்கே செல்கோ என்ற கம்பெனியைத் தொடங்கினார். கரண்ட் இல்லாத வீடுகளுக்குச் சூரிய விளக்கு அமைப்பது அதன் வேலை. ஏழைக்குச் சூரிய விளக்கு கட்டுப்படியாகாது என்று அப்போது பலரும் சொன்னார்கள். தெருவில் வியாபாரம் செய்யும் ஒரு பெண்மணி தனக்குப் பாடம் சொன்னதாக ஹந்தே பல இடங்களில் கூறியிருக்கிறார். மாதம் 300 ரூபாய் என்றால் தன்னால் முடியாது, தினம் 10 ரூபாய் என்றால் முடியும் என்பதே அந்தப் பாடம். தினக்கூலிக்காரரின் கணக்கு அது. படித்த வங்கிக்காரர்களுக்கு அது எளிதில் எட்டாது. 2011-ல் ஹந்தேவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

வீட்டுச் சூரிய விளக்குகளில் வெகுகாலம் இருந்தது ஈய பேட்டரி. லாரியில் இருப்பது போல 12 வோல்ட் பேட்டரி. கூரையில் தகடு. தகட்டுக்கும் பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதைக் கன்ட்ரோலர் என்பார்கள். பகலில் பேட்டரி சுமார் 14.4 வோல்ட்டைத் தொட்டதும் அது ஊட்டுவதைக் குறைக்கும். இரவில் பேட்டரி 11 வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் சிவப்பு விளக்கைக் காட்டி, விளக்கை அணைத்துவிடும்.

இங்கேதான் வம்பு வரும். பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை. அல்லது வீட்டில் விசேஷம். பெட்டி விளக்கை அணைத்துவிட்டது. வீட்டில் ஒருவர் கைவேலை தெரிந்தவர். பெட்டியை விலக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு ஒயர் போட்டுவிடுகிறார். விளக்கு இன்னும் இரண்டு மணி நேரம் எரிகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். இப்படிப் பல இரவுகள் நடந்தால், நான்கைந்து ஆண்டு உழைக்க வேண்டிய பேட்டரி வெகு சீக்கிரம் உப்பு பூத்து உட்கார்ந்துவிடும். புதிய பேட்டரிக்குப் பல ஆயிரம் ரூபாய். அந்தப் பெட்டி விளக்கை அணைத்தது கருமித்தனத்தால் அல்ல. நாளைக்கும் விளக்கு வேண்டும் என்பதால்.

போன் ரிப்பேரிலும் இதே ஆபத்து உண்டு. போன் பேட்டரியின் தலைப்பில் ஒரு மெல்லிய பச்சைத் தகடு ஒட்டியிருக்கும். அது கடைசிக் காவலாள். சார்ஜ் சிப் ஏமாந்தாலும், அளவு மீறினால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். மட்டமான பேட்டரியில் அந்தத் தகடு சரியாக இருக்காது. இருந்தாலும் சூடு அறியும் பொருள் இருக்காது. சிப் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கண்ணைக் கட்டிவிட்டால் என்ன செய்யும்? வாங்கும்போது பேட்டரியின் மேல் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இருக்க வேண்டும். ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆர் என்ற ஆங்கில எழுத்தும், அதன் பிறகு 8 எண்களும் இருக்கும். சார்ஜரிலும் இதே போல ஆர் எழுத்தும் 8 எண்களும் உண்டு. கடைக்காரரிடம் “நம்பரைக் காட்டுங்க” என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

நல்ல கம்பெனிகளும் சில நேரம் தவறியிருக்கின்றன. 2016-ல் சாம்சங் தன் நோட் 7 போன்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பேட்டரிக்குள்ளேயே குறை இருந்தது. உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்தது. சிப் வெளியே நிற்கும் காவலாள். வீட்டுக்குள் பிடித்த தீயை அதனால் அணைக்க முடியாது. 2022-ல் நம் நாட்டில் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது.

போனின் முதுகு உப்பியிருந்தால், திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால், பேட்டரி வீங்கிவிட்டது என்று அறிய வேண்டும். அப்போது சார்ஜ் போடக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கப் பார்க்கக் கூடாது. அப்படிச் செய்து கை வெந்தவர்கள் உண்டு. அணைத்து வைத்து, துணி, காகிதம், அடுப்பு ஆகியவற்றிலிருந்து தள்ளி வைத்து, தெரிந்த கடையில் மாற்றுங்கள். புகை வந்தால் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு 112-க்குப் போன் செய்யுங்கள்.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைக் கூடையில் போட வேண்டாம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரித்தவரின் பொறுப்பு. பேட்டரி மாற்றிய கடையிலேயே கொடுத்துவிடலாம். மற்றக் குப்பையோடு சேர்த்துப் போட்டால், லாரி குப்பையை அழுத்தும்போது அது நசுங்கும். நசுங்கினால் தீப்பிடிக்கும். அந்த இடத்தில் சிப்பும் இருக்காது, பச்சைத் தகடும் உதவாது. குப்பை அள்ளும் தொழிலாளிதான் இருப்பார்.